பழைய மாஸ்கோ அச்சில் ‘பொழுதுபோக்கு பௌதிகம்’: தேடுபவர்களும் வைத்திருப்பவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சோவியத் காலத்துப் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்து வருடங்கள் பல ஆகிவிட்டன. அதில் ‘பொழுதுபோக்கு பௌதிகம்’ அளவுக்கு வேறு எந்தப் புத்தகத்தைப் பற்றியும் கேள்வி வந்ததில்லை. “அப்பா அலமாரியில் ஒன்று இருக்கிறது, விலை போகுமா?” என்பதில் தொடங்கி “ராமபாணப் பூச்சி அரித்துவிட்டது, என்ன செய்ய?” என்பது வரை, ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப எழுதி அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் போட்டு வைக்கிறேன்.

எந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

யாகொவ் பெரெல்மான் ருஷ்ய மொழியில் எழுதிய பௌதிகப் புத்தகம். முதல் புத்தகம் 1913-இல் பீட்டர்ஸ்பர்க்கில் சோய்க்கின் என்பவரின் பதிப்பகத்திலிருந்து வந்தது, இரண்டாவது 1916-இல். ஆங்கிலத்தில் ‘ஃபிசிக்ஸ் ஃபார் என்டர்டெயின்மென்ட்’. தமிழில் ‘பொழுதுபோக்கு பௌதிகம்’ என்ற பெயரில் மாஸ்கோவிலிருந்தே வந்தது. நம் ஊரில் பழைய புத்தகக் கடைகளில் அகப்படுவது பெரும்பாலும் மாஸ்கோ மீர் பதிப்பகம் போட்ட ஆங்கிலப் பிரதி, அதிர்ஷ்டம் இருந்தால் தமிழ்ப் பிரதி.

தலைப்பைப் பார்த்து இதைச் சிறுவர் புத்தகம் என்று எடைபோட்டுவிட வேண்டாம். ஓடும் வண்டியின் சக்கரத்தில் மேல்பாதி கீழ்பாதியைவிட வேகமாகப் போகிறது என்று ஓர் இடத்தில் எழுதுகிறார். அதைப் படித்துவிட்டு எதிரே போகும் சைக்கிளைப் பார்த்தால், தரைக்குப் பக்கத்தில் இருக்கும் கம்பிகள் தனித்தனியாகத் தெரிகின்றன, மேலே இருப்பவை கலங்கித் தெரிகின்றன. இத்தனை நாள் அது கண்ணில் படவே இல்லையே என்று நமக்கே கோபம் வரும். புதிதாக எதையோ கற்றுத்தருவதைவிட, தெரிந்ததாக நாம் நினைத்துக்கொண்டிருப்பதை உண்மையிலேயே தெரிந்துகொள்ள வைப்பதுதான் நோக்கம் என்று முன்னுரையில் அவரே சொல்லிவிடுகிறார்.

பெரெல்மான் என்றால் அந்தக் கணித மேதையா?

இல்லை. பத்து லட்சம் டாலர் பரிசை வேண்டாம் என்று சொன்ன கிரிகோரி பெரெல்மான் வேறு, இவர் வேறு. இருவருக்கும் உறவும் கிடையாது. ஆனால் ஒரு தொடர்பு உண்டு. சின்ன வயதில் அப்பா அவருக்குக் கொடுத்த புத்தகங்களில் இதுவும் ஒன்று என்று ஓர் அமெரிக்கப் பத்திரிகை எழுதியிருக்கிறது.

நம்மவர் 1882-இல் பியாலிஸ்தோக் நகரில் பிறந்தவர். அப்போது அது ருஷ்யப் பேரரசில் இருந்தது, இப்போது போலந்தில். படித்தது வனவியல். பௌதிகப் பேராசிரியர் ஹ்வோல்சன் இந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு, எழுதியவர் காட்டிலாகா படிப்பு படித்தவர் என்று தெரிந்ததும், வனவியலுக்கு நம்மிடம் ஆள் நிறைய உண்டு, பௌதிகத்தை இப்படி எழுதத்தான் ஆள் இல்லை என்றாராம். பெரெல்மான் காட்டு வேலைக்குப் போகவே இல்லை, பத்திரிகை வேலைதான். 1935-இல் லெனின்கிராதில் (பழைய பீட்டர்ஸ்பர்க்தான்) ஃபொந்தான்கா ஆற்றங்கரை அரண்மனை ஒன்றில் ‘பொழுதுபோக்கு அறிவியல் இல்லம்’ தொடங்குவதில் முன்னின்றார். எதையும் தொட்டுப் பார்க்கலாம், இழுத்துப் பார்க்கலாம் என்கிற மாதிரியான காட்சியகம். 1941-இல் போர் வந்ததும் மூடிவிட்டார்கள். லெனின்கிராத் முற்றுகையில் 1942 ஜனவரியில் அவருடைய மனைவி பட்டினியில் இறந்தார், மார்ச் 16 அன்று அவரும். நிலவின் மறுபக்கத்தில் ஒரு பள்ளத்துக்கு இவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

முதல் பதிப்பு எது? என்னிடம் இருப்பது முதல் பதிப்பா?

பத்தில் ஒன்பது கேள்வி இதுதான். 1913-இல் வந்த ருஷ்யப் புத்தகம்தான் முதல் பதிப்பு, அது உங்களிடம் இல்லை. (இருந்தால் இதைப் படிப்பதை விட்டுவிட்டு முதலில் அதை ஒரு பெட்டியில் வையுங்கள்.) 1936-க்குள் முதல் புத்தகம் பதின்மூன்று பதிப்பு கண்டுவிட்டது. அந்தப் பதின்மூன்றாவதுதான் ஆசிரியர் உயிரோடு இருந்தபோது வந்த கடைசிப் பதிப்பு.

ஆங்கிலப் பிரதி என்றால் தலைப்புப் பக்கத்தில் பதிப்பகத்தின் பெயரைப் பாருங்கள், அதுவே பாதி வயதைச் சொல்லிவிடும். ‘ஃபாரின் லாங்குவேஜஸ் பப்ளிஷிங் ஹவுஸ், மாஸ்கோ’ என்று இருந்தால் அது மூத்தது. 1963, 64 வாக்கில் அந்த ஏற்பாடு மாறி, இலக்கியமும் அரசியலும் முன்னேற்றப் பதிப்பகத்துக்கும், அறிவியலும் பொறியியலும் மீர் பதிப்பகத்துக்கும் போயின. ஆகவே ‘மீர்’ என்று இருந்தால் அந்த மாற்றத்துக்குப் பிறகு வந்தது, அதில் சந்தேகமே வேண்டாம். நம் ஊரில் மிக அதிகமாகப் புழங்குவது எழுபதுகள், எண்பதுகளின் மீர் அச்சுகள். அதிலும் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். முதல் அச்சு எந்த ஆண்டு, கையில் இருப்பது எத்தனையாவது அச்சு என்று அங்கே வரிசையாகப் போட்டிருப்பார்கள். விற்பவர்கள் மேலே உள்ள ஆண்டை மட்டும் படம் எடுத்து அனுப்பிவிட்டுக் கீழ்வரியை விட்டுவிடுவார்கள், முழுப்பக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். சோவியத்தில் அச்சானது என்று ஆங்கிலத்தில் ஒரு வரியும் அதே பக்கத்தில் இருக்கும்.

ருஷ்ய எழுத்தில் ‘மீர்’ என்பது நம் கண்ணுக்கு ஆங்கில எம், யு, பி மாதிரி தெரியும். ஒரு கடைக்காரர் “முப் கம்பெனி புக்கா?” என்று கேட்டார். அந்தச் சொல்லுக்கு உலகம் என்றும் பொருள், அமைதி என்றும் பொருள்.

தமிழ்ப் பிரதியின் காலத்தை எப்படிக் கணிப்பது?

முதலில் தலைப்பையே பாருங்கள், ‘பௌதிகம்’. பள்ளிப் பாடப் புத்தகங்களில் அந்தச் சொல் போய் ‘இயற்பியல்’ உட்கார்ந்த கதை ஊருக்கே தெரியும். இன்றைக்கு ஒருவர் புதிதாக மொழிபெயர்த்தால் அந்தத் தலைப்பை வைக்கமாட்டார்.

அடுத்தது எழுத்து வடிவம். துதிக்கை போட்ட பழைய லை, ணை, னை, சுழித்துக்கொண்டு நிற்கும் ணா, றா, னா இருந்தால் பழைய அச்சுக்கோப்பு. தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978-இல். ஆனால் இதை மட்டும் வைத்து ஆண்டு சொல்லிவிடக் கூடாது. அரசாணை வந்த மறுநாளே உலகத்தில் எந்த அச்சகமும் இருக்கிற ஈய எழுத்தை உருக்கிப் போட்டுவிடவில்லை. உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள்.

கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ருஷ்ய மொழியில் ஏதோ இருக்கிறதே, அது என்ன?

புத்தகத்தின் ஜாதகம். நான் புத்தகத்தை வாங்கினதும் முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான். சோவியத் அச்சு விதிப்படி, அச்சுக்கோக்கக் கொடுத்த தேதி, அச்சிட ஒப்புதல் கொடுத்த தேதி, தாளின் அளவு (84×108-இல் 32-இல் ஒரு பங்கு என்கிற மாதிரி), எத்தனை அச்சுத் தாள், அச்சகத்தின் பெயர், ஆர்டர் எண் எல்லாவற்றையும் போட்டுவிடுவார்கள். ‘திராஷ்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் எண், எத்தனை பிரதி அடித்தார்கள் என்பது. ‘த்ஸெனா’ என்றால் விலை, ரூபிளிலும் கோபெக்கிலும் இருக்கும். எல்லாப் பிரதியிலும் எல்லாமே இருக்கும் என்று சொல்ல முடியாது, வெளிநாட்டுக்கென்று அடித்தவற்றில் சிலதில் சுருக்கமாகவே இருக்கும். ஆனால் இருக்கிறதைப் படித்தாலே போதும், எந்த மாதம் அச்சேறியது என்பது வரை தெரிந்துவிடும். போனில் கேமராவைக் காட்டினால் மொழிபெயர்த்துத் தரும் செயலிகள் வந்தபிறகு ருஷ்யன் தெரியாது என்ற சாக்கும் போய்விட்டது.

பக்கங்கள் முழுசாக இருக்கின்றனவா என்று கடையில் நின்றபடியே எப்படிப் பார்ப்பது?

பக்க எண்ணை ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டியதில்லை. சோவியத் புத்தகங்களில் ஓர் அருமையான வழக்கம் உண்டு. ஒவ்வொரு ஃபாரத்தின் (ஒரே பெரிய தாளில் அச்சடித்து மடித்த பக்கக் கட்டு) முதல் பக்கத்திலும் அடியில், இடது ஓரத்தில், மிகச் சின்ன எண் ஒன்று இருக்கும், 2, 3, 4 என்று. பக்கத்தில் ஒரு கோடு போட்டு அச்சக ஆர்டர் எண். அதே ஃபாரத்தின் மூன்றாம் பக்கத்தில் அதே எண் நட்சத்திரக் குறியோடு திரும்ப வரும். பைண்டிங் செய்பவர் ஃபாரங்களை வரிசை மாற்றி வைத்துவிடாமல் இருக்கப் போட்ட அடையாளம் அது. நமக்கு என்ன பயன் என்றால், பதினாறு பக்கத்துக்கோ முப்பத்திரண்டு பக்கத்துக்கோ ஒருமுறை அந்தக் குட்டி எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டே போனால் ஒரு நிமிடத்தில் முழுப் புத்தகமும் சரிபார்த்தாகிவிடும். 7-க்கு அடுத்து 9 வந்தால் ஒரு ஃபாரமே காணோம்.

இதைச் சொல்லித்தருவதில் ஒரு சின்ன ஆபத்தும் உண்டு, அப்புறம் எந்த சோவியத் புத்தகத்தை எடுத்தாலும் கதையைப் படிக்காமல் அடியில் எண்ணைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அதோடு படங்களையும் பாருங்கள். இந்தப் புத்தகத்தில் கோட்டுப் படங்கள் ஏராளம், பிள்ளைகள் கத்தரித்து நோட்டில் ஒட்டிய பிரதிகளை நான் பார்த்திருக்கிறேன். அட்டைக்கு மேல் தனியாக மேலுறை போட்டு வந்திருந்தால் அது பெரும்பாலும் தொலைந்திருக்கும். அதற்காகப் பிரதியை ஒதுக்க வேண்டாம், ஆனால் விலை பேசும்போது சொல்லுங்கள்.

ஒன்று, இரண்டு என்று போட்டிருக்கிறது. இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் மதிப்பா?

சேர்ந்திருந்தால் நல்லது, தனியாக இருந்தாலும் குறைவில்லை. இரண்டாம் புத்தகம் முதலாவதின் தொடர்ச்சி இல்லை, தனியாகவே படிக்கலாம் என்று பெரெல்மானே சொல்லியிருக்கிறார். ஜோடி சேர்க்கிறேன் என்று வேறு வேறு ஆண்டு அச்சுகளை வாங்கினால் அட்டையும் உயரமும் பொருந்தாமல் அலமாரியில் மாமனும் மச்சானும் முறைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி நிற்கும். என்னிடம் அப்படித்தான் நிற்கின்றன.

இந்தப் புத்தகங்கள் தமிழ்நாட்டுக்கு எப்படி வந்தன? ஏன் அவ்வளவு மலிவு?

இங்கே விற்றது நியூ செஞ்சுரி புக் ஹவுஸ். கேரளத்தில் பிரபாத், ஆந்திரத்தில் விசாலாந்திரா, கர்நாடகத்தில் நவகர்நாடகா, கல்கத்தாவில் மனீஷா என்று ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒன்று இருந்தது. ஊர் ஊராக வேனில் புத்தகம் கொண்டுபோய் விற்றார்கள், பஸ் ஸ்டாண்டு பக்கத்திலும் பள்ளிக்கூட வாசலிலும் வேனை நிறுத்தினால் கூட்டம் கூடிவிடும். சோவியத் அரசு செலவைத் தாங்கிக்கொண்டதால் கெட்டி அட்டைப் புத்தகம்கூட நம் ஊர்ச் சாதாரணப் புத்தகத்தைவிட மலிவாகக் கிடைத்தது. கட்சி அரசியலுக்கும் இதற்கும் தொடர்பே இல்லாத எத்தனையோ வீட்டில் மாஸ்கோ புத்தகம் இருப்பது இதனால்தான்.

1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் வரத்து நின்றது. அன்றைக்கு வேனில் சில ரூபாய்க்கு விற்றதைத்தான் இன்றைக்கு ‘அரிய புத்தகம்’ என்று போட்டு விற்கிறார்கள்.

சரி, விலை என்ன?

நிலையான விலை எதுவும் கிடையாது, அதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். என் மூன்று பிரதிகளில் ஒன்றை எழுபது ரூபாய்க்கு நடைபாதையில் எடுத்தேன், ஒன்றுக்கு அறுநூறு கொடுத்தேன், மூன்றாவது சும்மா வந்தது. எழுபது ரூபாய்ப் பிரதிதான் மூன்றில் நல்ல நிலையில் இருக்கிறது.

விலையைத் தூக்குபவை என்று என் அனுபவத்தில் சொல்வதென்றால், தமிழ்ப் பிரதி என்றால் கூடுதல், ஏனென்றால் தேடுபவர்களில் பலர் சின்ன வயதில் அதைத்தான் படித்தார்கள். மீர் காலத்துக்கு முந்திய ஆங்கிலப் பிரதி என்றால் கூடுதல். தையல் விடாமல், முதுகு கிழியாமல் இருந்தால் கூடுதல். கையில் இருப்பதை விற்று ஸ்கூட்டி வாங்கலாம் என்ற கணக்கு மட்டும் வேண்டாம். லட்சக்கணக்கில் அடித்து உலகம் முழுக்க அனுப்பிய நாட்டின் புத்தகம் இது, தங்கக்காசு இல்லை. முதலீடாக நினைத்து வாங்குபவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது. பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டிவிடுகிறார்கள், அப்புறம் அதைத் திறப்பதே இல்லை.

எங்கே தேடுவது?

சென்னையில் மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோனதோடு ஒரு காலம் முடிந்தது. அதன்பிறகு சென்ட்ரல் பக்கம் கட்டிக்கொடுத்த வளாகத்தில் பழைய புத்தகக் கடைகள் தொடர்ந்தன. திருவல்லிக்கேணி நடைபாதை, ஜனவரியில் புத்தகக் காட்சி நடக்கும்போது வெளியே சாலையோரம் விரியும் பழைய புத்தகக் கடைகள், இந்த இடங்களில்தான் எனக்கு நிறைய அகப்பட்டது. (உள்ளே போய் நான்கு மணி நேரம் சுற்றி ஒன்றும் வாங்காமல் வந்து, வெளியே பத்து நிமிடத்தில் பை நிறைத்துக்கொண்டு போனதும் உண்டு.) தில்லிக்குப் போனால் தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, 2019-இல் அதைச் சாலையோரத்திலிருந்து பக்கத்து மஹிலா ஹாட் வளாகத்துக்கு மாற்றிவிட்டார்கள். கல்கத்தாவில் காலேஜ் ஸ்ட்ரீட்டைச் சொல்லவே வேண்டாம்.

இதையெல்லாம்விட நல்ல வழி, ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்களின் வீடு. வீடு மாற்றும்போது, வெள்ளையடிக்கும்போது, பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போகிற மூட்டையில் இது இருக்கும். உங்கள் தெருவுக்கு வரும் பேப்பர்க்காரரிடம் “ருஷ்ய புக் வந்தா எடுத்து வைங்கண்ணே” என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். என் மூன்றாவது பிரதி அப்படித்தான் வந்தது, காசு கொடுத்தால் வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

இணையத்தில் வாங்கலாமா?

வாங்கலாம், சூடுபட்ட பிறகு சொல்கிறேன். ஒருமுறை கெட்டி அட்டைப் பிரதியின் படத்தைப் பார்த்து தொள்ளாயிரம் ரூபாய் கட்டினேன். வந்தது ஜெராக்ஸ் எடுத்த மாதிரி ஒரு புது அச்சு. படங்களில் கோடெல்லாம் கருத்துப்போய், சக்கரப் படத்தில் எது மேல் கம்பி எது கீழ்க் கம்பி என்றே தெரியவில்லை. கேட்டால் “உள்ளே அதே விஷயம்தானே சார்” என்றார் விற்றவர். அவர் சொன்னதும் ஒரு வகையில் சரிதான், பணம் மட்டும் திரும்ப வரவில்லை.

இப்போதெல்லாம் நான்கு படம் கேட்கிறேன்: தலைப்புப் பக்கம், அதன் பின்புறம், கடைசிப் பக்கம், நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தை முதுகுத் தையல் தெரிகிற மாதிரி விரித்து. இந்த நான்காவதுதான் முக்கியம். பழைய மாஸ்கோ பிரதி நூலால் தைத்தது, ஃபாரத்தின் நடுவில் நூல் தெரியும். புது அச்சு பசை போட்டு ஒட்டியது. படம் தர மறுப்பவரிடம் பேச்சை நீட்டாதீர்கள்.

நூலக முத்திரை உள்ள பிரதியை வாங்கலாமா?

‘நீக்கப்பட்டது’ என்ற முத்திரையும் சேர்ந்து இருந்தால் தாராளமாக. வெறும் நூலக முத்திரை மட்டும் இருந்து, நூலகம் இன்னும் இயங்கிக்கொண்டும் இருந்தால், ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். அவர்களே எடைக்குப் போட்டதாகத்தான் பாதி நேரம் பதில் வரும்.

பூச்சி, பழுப்பு, பூஞ்சணம்... எப்படிக் காப்பாற்றுவது?

பழுப்பேறுவதைத் தடுக்க முடியாது, தள்ளிப்போடலாம். மரக்கூழில் இருக்கும் லிக்னின் வெயிலும் காற்றும் பட்டால் நிறம் மாறிக்கொண்டே போகும், தாளில் அமிலம் இருந்தால் நொறுங்கவும் செய்யும். ஜன்னலுக்கு எதிரே அலமாரி வைக்காதீர்கள், அவ்வளவுதான் வித்தை.

பூச்சிதான் பெரிய தொல்லை. புதிதாக வாங்கிய பழைய புத்தகத்தை நேராக அலமாரிக்குள் விடாதீர்கள், விருந்தாளியோடு ராமபாணமும் உள்ளே வரும். நான் செய்வது இது: காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு நன்றாக மூடி ஃப்ரீசரில் இரண்டு வாரம். (வீட்டில் ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் பெரெல்மான் இருப்பதைப் பார்த்து என்ன பேச்சு வாங்கினேன் என்பது இங்கே வேண்டாம்.) வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது, ஒரு நாள் அப்படியே வெளியே இருந்து அறையின் சூட்டுக்கு வரட்டும். உடனே திறந்தால் காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்த தாளில் வேர்த்துவிடும். ஏன் என்று தெரிய வேண்டுமானால் குளிர்ந்த சோடா பாட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்துருண்டை போடுகிறவர்கள் போடுகிறார்கள், எனக்கு அந்த நெடி ஆகாது. பாட்டி வழியில் வசம்பு வைத்தால் கெடுதல் ஒன்றுமில்லை, ஆனால் ஏற்கெனவே உள்ளே இருக்கும் பூச்சி அதைப் பார்த்துப் பயந்து ஓடிவிடும் என்று நம்பாதீர்கள். செல்லோ டேப் வேண்டவே வேண்டாம். பத்து வருடத்தில் டேப் உதிர்ந்துவிடும், பசை மட்டும் தாளுக்குள் இறங்கி மஞ்சள் கோடாக நிற்கும், அதைக் கழற்ற யாராலும் முடியாது. லேமினேஷனும் கூடாது. தையல் விட்டிருந்தால் நூல் தையல் தெரிந்த பழைய பைண்டரிடம் கொடுங்கள், ஓரத்தை வெட்ட வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிவிட்டுக் கொடுங்கள். ‘நீட்டா’ இருக்கட்டும் என்று கட்டரில் வைத்து மூன்று பக்கமும் சீவித் தள்ளிவிடுவார்கள், அடியில் இருக்கும் ஃபாரம் எண்ணும் அதோடு போய்விடும்.

உள்ளே இருக்கும் பௌதிகம் இன்றைக்கும் செல்லுமா?

பெரும்பாலும் செல்லும், அதனால்தானே இன்னும் தேடுகிறோம். முதல் உலகப்போரில் ஒரு பிரெஞ்சு விமானி இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் பறந்தபோது முகத்துக்குப் பக்கத்தில் பூச்சி என்று நினைத்துக் கையால் பிடித்தது துப்பாக்கிக் குண்டு என்று ஒரு கதை சொல்வார். நம்ப முடியாது. உடனே கணக்கைப் போடுவார்: புறப்படும்போது நொடிக்கு 800, 900 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு காற்றின் தடையால் தளர்ந்து தளர்ந்து கடைசியில் 40 மீட்டருக்கு வந்துவிடும், அந்தக் கால விமானமும் அந்த வேகத்தில் போகக்கூடியதுதான், இரண்டும் ஒரே திசையில் போனால் குண்டு விமானிக்கு அசையாமல் நிற்கிற மாதிரிதானே? அடுத்ததாக அதையே தலைகீழாகத் திருப்பிப் போடுவார். 1924-இல் லெனின்கிராதிலிருந்து திஃப்லிஸ் (இன்றைய திபிலிசி) வரை நடந்த மோட்டார் பந்தயத்தில், வழியில் கிராமத்து மக்கள் அன்போடு வீசிய தர்ப்பூசணியும் ஆப்பிளும் எதிரே வேகமாக வந்த கார்களில் குண்டு மாதிரி விழுந்து, வண்டி நசுங்கி ஆட்களுக்கும் அடிபட்டது. சார்பு வேகம் என்பதை எனக்குப் பள்ளியில் சூத்திரமாகச் சொல்லித்தந்தார்கள், மனதில் நின்றது தர்ப்பூசணிதான்.

மாஸ்கோ ரயில்பாதை பற்றி ஒரு பகுதி வரும். லெனின்கிராதுக்கும் மாஸ்கோவுக்கும் இடையில் 640 கிலோமீட்டர் இருப்புப்பாதை, கோடையில் குளிர்காலத்தைவிடச் சுமார் 300 மீட்டர் நீளம் கூடும் என்று. ஊர் தள்ளிப் போவதில்லை, தண்டவாளத்துக்கு நடுவே விட்ட இடைவெளிகள் அதை விழுங்கிக்கொள்கின்றன.

இடறும் இடமும் உண்டு. பனிக்கட்டி ஏன் வழுக்குகிறது என்பதற்கு, கால் அழுத்தத்தில் பனி உருகி நீராகிறது என்று அந்தக் காலத்து விளக்கத்தைக் கொடுத்திருப்பார். ஓர் ஆளின் எடையால் உருகுநிலை குறைவது மிகக் கொஞ்சம், கடும் குளிரிலும் வழுக்குவதற்கு அது போதாது. பனியின் மேற்பரப்பிலேயே நீர்போலத் தளர்ந்த ஒரு மெல்லிய படலம் இருப்பதும், உராயும்போது எழும் சூடும்தான் காரணம் என்று இப்போது சொல்கிறார்கள். விமான வேகம், ரயில் வேகம் எல்லாம் அவர் காலத்து எண்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது இதைச் சொல்லிக் கொடுங்கள், புத்தகத்தைத் திருத்தச் சொன்னால் இன்னும் ஆர்வமாகப் படிப்பார்கள்.

ஸ்கேன் செய்து எல்லோருக்கும் பகிரலாமா?

இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை. பெரெல்மான் இறந்தது 1942, ஆக மூலத்துக்கு 2002-இன் முடிவோடு உரிமை தீர்ந்துவிட்டது. ஆனால் மொழிபெயர்ப்பு தனிப் படைப்பு, மொழிபெயர்த்தவருக்குத் தனி உரிமை உண்டு, அவர் காலத்தைத் தனியாகக் கணக்கிட வேண்டும். ஆங்கிலப் பிரதியின் ஸ்கேன்கள் இணையத்தில் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன, படிக்க மட்டும் வேண்டுமென்றால் பழைய பிரதிக்கு அலையவே தேவையில்லை. ஸ்கேன் எடுப்பதாக இருந்தால் ஒரே ஒரு வேண்டுகோள், தட்டையாகப் படுக்கட்டும் என்று முதுகை உடைத்து அழுத்தாதீர்கள்.

என் பிரதியில் யாரோ பென்சிலால் கிறுக்கியிருக்கிறார்கள். அழித்துவிட்டால் விலை கூடுமா?

கூடாது, ரப்பர் போட்டுத் தேய்த்த தாள் கிறுக்கலைவிட அசிங்கமாக இருக்கும். சேகரிப்பவர்களிலேயே சிலர் சுத்தமான பிரதிதான் வேண்டும் என்பார்கள், எனக்கு எழுதியது பிடிக்கும்.

முதல் புத்தகத்தில் இரண்டு காபிக் குடுவைகளின் படம் ஒன்று வரும். அகலம் ஒன்றே, ஒன்று குட்டை, இன்னொன்று நெட்டை, எதில் அதிகம் பிடிக்கும் என்பது கேள்வி. நெட்டைதான் என்று வாய் வந்துவிடும். ஆனால் இரண்டிலும் மூக்கு ஒரே உயரத்தில் இருக்கிறது, அதற்கு மேல் ஊற்றினால் மூக்கு வழியாக வெளியே வந்துவிடும், ஆகவே இரண்டிலும் பிடிப்பது ஒன்றேதான்.

பேப்பர்க்காரர் கொடுத்த பிரதியில் அந்தப் பக்கத்தில் இரண்டு மூக்கையும் சேர்த்து ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்திருக்கிறது. கீழே பையன் கையெழுத்தில் “பெருசு” என்று எழுதி, அடித்து, “ரெண்டும் ஒன்னு”. அதன்மேல் வேறொரு கையெழுத்தில், சிவப்பு மையில், ஒரு டிக்.